பரிதி குறை சொன்ன கணினி

கணினியில் பாட்டு கரகரத்தால் முதலில் வயரைப் பார்க்க வேண்டும். பத்தில் ஏழு முறை வயர்தான். ஆனால் எல்லோரும் நேராகப் புது ஸ்பீக்கர் வாங்கக் கிளம்பிவிடுவார்கள்.

நடந்ததை வரிசையாக எழுதச் சொன்னீர்கள், சார். எதையும் வரிசையாகச் செய்து பழகியவன் நான், அதனால் சிரமமில்லை.

என் பெயர் பரணிதரன். வலங்கைமான் பக்கத்தில் எங்களுக்கு ஒரு ரைஸ் மில் உண்டு. பதினாறு வயதிலிருந்து இருபது வருடம் அந்த இரைச்சலில் நின்றேன். பிறகு மில்லைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, வீட்டு மாடியில் பாட்டு கேட்பதற்கென்றே ஒரு கணினியைத் தயார் செய்தேன். ஃபேன் சத்தம் வராத பெட்டி, தனி எர்த், தனி கரண்ட் லைன். திருவையாற்று உற்சவத்தில் வருடா வருடம் முன்வரிசையில் உட்காருகிறவர்கள்கூட ஞாயிற்றுக்கிழமைகளில் என் அறைக்கு வந்து, "எதிர்ல உக்காந்து பாடுற மாதிரி இருக்குங்க" என்பார்கள்.

பரிதி வரும்வரை அப்படித்தான் இருந்தது. எங்கள் மில்லில் மெஷின் ஓட்டிய காத்தானின் மகன். சென்னையில் ஒலிப்பதிவு படித்துவிட்டு, ஊரில் இருந்தபடியே ஒரு ஸ்டுடியோவுக்குப் பாட்டுகளைச் சுத்தம் செய்து அனுப்புகிறவன். என் அறையில் அரை நிமிடம் கேட்டான்.

"நல்லாருக்குண்ணே. மேல மட்டும் ஒரு சின்ன கீச்சு இருக்கு. உங்களுக்குக் கேக்கலையா?"

எனக்குக் கேட்கவில்லை. அவனே கணினியில் தேடி, சாம்பிள் ரேட் என்கிற ஒலி செட்டிங் பாட்டோடு பொருந்தாமல் இருந்ததைக் கண்டுபிடித்துத் திருத்தினான். மறுநாள் தஞ்சாவூரில் ஒரு டாக்டரிடம் போனேன். கீச்சு மாதிரி உயர்ந்த சுருதி ஒலிகள் எனக்கு அடியோடு கேட்காமல் போய்விட்டன, மில் இரைச்சல்தான் காரணம் என்றார். அடுத்த ஞாயிறு முதல், அவன் தலையாட்டிய பிறகுதான் மற்றவர்கள் "நல்லாருக்கு" என்றார்கள்.

பொறாமை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த அறைக்காக நான் பட்ட பாடெல்லாம், என்னால் கேட்க முடியாததை அவன் கேட்பதற்காகவா?

சம்பா நடவு நேரத்தில் அவன் வீட்டுக் கணினியில் டிக் டிக் என்று ஒரு சத்தம் வந்தது. வயர், டிரைவர் மென்பொருள் எல்லாம் மாற்றிப் பார்த்து ஓய்ந்துபோய் என்னைக் கூப்பிட்டான். கரண்டை மிச்சம் பிடிக்கும் செட்டிங் ஒன்று செய்த வேலை அது; நிறுத்தினேன். நிறுத்திய கையோடு, உயர்ந்த ஒலிகளைக் குறைக்கும் சின்ன மென்பொருள் ஒன்றைக் கண்ணில் படாத இடத்தில் வைத்தேன். என் வீட்டிலிருந்தே அதை இயக்கலாம். வாரத்துக்கு ஒரு படி குறைத்தேன். ஒரு படி யாருக்கும் தெரியாது. அவன் வேறெங்கும் கேட்டு ஒப்பிடாதபடி, மாடியில் வேலை நடக்கிறது என்று ஞாயிற்றுக்கிழமைப் பாட்டையும் நிறுத்திவைத்தேன்.

ஏழாவது வாரம் முகம் செத்துப்போய் வந்தான்.

"ஸ்டுடியோவுல ரெண்டு பாட்டத் திருப்பி அனுப்பிட்டாங்கண்ணே. காதைக் கிழிக்குதாம். எனக்கோ மேல ஒண்ணுமே கேக்கல, அதான் பாட்டுல மேல கூட்டி வச்சேன். அப்பா மாதிரி ஆயிடுவேனா?"

காத்தானுக்கு நாற்பது வயதிலேயே காது போய்விட்டது. அது அவர்கள் பரம்பரைக் கோளாறு என்று ஊரில் பேச்சு. காத்தானும் அப்படித்தான் நம்பினார். எங்கள் மில்லில் நின்றதால் போனது என்பது எனக்குத் தெரியும்.

"பரம்பரையா வர்றத என்னப்பா செய்ய முடியும்?" என்றேன். "எனக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. சத்தத்தக் கூட்டி வச்சுக் கேளுன்னு டாக்டர் சொன்னாரு. நீ டாக்டர்கிட்டல்லாம் போகாத, ஸ்டுடியோவுக்குத் தெரிஞ்சா வேலை போயிடும்."

டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. ஹெட்ஃபோனுக்குப் பலமான ஆம்ப்ளிஃபயர் ஒன்றையும் நானே கொண்டுபோய் மாட்டிக் கொடுத்தேன். அவன் மனைவி செந்தாமரை, "நீங்க இல்லன்னா இவரு ஒடஞ்சே போயிருப்பாருங்க" என்று காபி கொடுத்தாள். நல்ல காபி.

நான் குறைக்கக் குறைக்க அவன் கூட்டிக்கொண்டே போனான். அறுவடைக்குள் ஆம்ப்ளிஃபயரின் சத்தக் குமிழ் முக்கால் வட்டம் தாண்டிவிட்டது. ஸ்டுடியோ கடைசி வாய்ப்பாக ஒரு பாட்டு அனுப்பியது. அன்று காலை எனக்கு மனம் கேட்கவில்லை. பாவம், பிழைக்கட்டும் என்று, குறைத்தது அத்தனையையும் ஒரே கிளிக்கில் பழையபடி வைத்தேன். முதலில் குமிழைக் குறைக்கச் சொல்லி போன் செய்திருக்கலாம். போன் கையில்தான் இருந்தது.

பாட்டைப் போட்ட நொடியில் பரிதி ஹெட்ஃபோனைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டானாம். அன்றிலிருந்து இரண்டு காதிலும் ஓயாத இரைச்சல். முக்கால்வாசி கேட்கும் திறன் முன்பே கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது, மீதி அன்று போனது, திரும்பாது என்று அதே டாக்டர் சொல்லியிருக்கிறார். நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, "நீங்க அன்னிக்கே சொன்னீங்கண்ணே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான்.

செந்தாமரைதான் வேறொருவரைக் கூட்டிவந்து கணினியைப் பார்க்கச் சொன்னாள். தேதிவாரியாக எல்லாம் அதில் இருந்தது. மறுக்க மாட்டேன், நான்தான் செய்தேன்.

ஆனால் கணினியை நாசம் செய்ததாகப் புகாரில் எழுதியிருக்கிறீர்கள், அதை மட்டும் அடித்துவிடுங்கள். ஸ்டேஷனில்தானே இருக்கிறது, போட்டுக் கேளுங்கள். இந்த வட்டாரத்தில் அவ்வளவு சுத்தமாகப் பாடும் கணினி கிடையாது. இனி அதில் பரிதியும் ஒரு குறை சொல்ல மாட்டான்.