தறிகள் ஓடாத நான்கு நாட்கள்

ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து எத்தனை அங்குலம் தள்ளி வைக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் ஒரு மணி நேரம் பேசுவேன். சங்கரன்கோவிலில் யாரும் கேட்பதில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் அந்த இரண்டு பெட்டிகளையும் பார்த்துவிட்டு, "இதுல ப்ளூடூத் வருமா அண்ணாச்சி?" என்பார்கள். வராது என்பேன். அதற்குப் பிறகு என்மேல் அவர்களுக்கு ஓர் இரக்கம் வந்துவிடும்.

இரண்டும் பிஸ்கட் டின் அளவுதான் இருக்கும். டென்மார்க்கில் செய்தவை, வாங்கிப் பதினோரு வருடம் ஆகிறது. விலையை என் மனைவி ஆவுடையம்மாளிடம் கடைசி சைபரை விட்டுவிட்டுச் சொன்னேன். அதற்கே அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இத்தனூண்டு பெட்டிக்கா?" என்றாள். சின்னதாக இருப்பதுதான் அதன் பெருமை என்று விளக்கினேன். அவள் எழுந்து போய் வெங்காயம் உரித்தாள்.

நான் வேளாண்மை அலுவலகத்தில் கண்காணிப்பாளர். முப்பது வருடமாக உரம், விதை, பூச்சிமருந்துக் கோப்புகள்தான் என் உலகம். காது மட்டும் ஏதோ அரண்மனையில் பிறந்துவிட்டதாக நினைப்பு. ஸ்பீக்கர்களுக்கு இரும்புத் தாங்கி வாங்கி, உள்ளே மணல் நிரப்பினேன். தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, என் நாற்காலிக்கு இடம் குறித்தேன். நாலு அங்குலம் இடப்புறம் சாய்ந்தால் வீணையும் இடப்புறம் போய்விடும். அதனால் கழுத்துப் பிடித்தவன் மாதிரி அசையாமல் உட்கார்ந்து கேட்பேன்.

வீட்டிலும் சில ஏற்பாடுகள் செய்தேன். ஃப்ரிட்ஜ் முனகுகிறது என்று பின்கட்டுக்கு அனுப்பினேன். பாட்டு ஓடும்போது மிக்ஸி போடக் கூடாது. குக்கர் விசில் கூடாது, அதனால் ஆவுடை சோற்றைப் பானையில் வடிக்கத் தொடங்கினாள். என்னைக் கூப்பிடவும் கூடாது. முதல் மாதம் இரண்டு தடவை கூப்பிட்டாள். நான் பாட்டை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தேன். பிறகு அவள் கூப்பிட்டதில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். ஆகவே ஒழுங்கு எளிதாக வந்துவிட்டது.

இத்தனை செய்தும் நான் ஒரு வீணை இசைத்தட்டை ஒழுங்காகக் கேட்டதில்லை. எங்கள் தெரு முழுக்க விசைத்தறி. அடுத்த வீட்டுச் சங்கரலிங்கத்திடம் மட்டும் பன்னிரண்டு தறி ஓடுகிறது. சடக் சடக்கென்று விடிந்ததிலிருந்து அடிக்கும். சுவருக்குப் பஞ்சு ஒட்டினேன். இரட்டைத் திரை போட்டேன். தறி என்னவோ என் மடியில் இருந்தபடிதான் ஓடியது.

போன ஆனியில் தறித்தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். தெரு ஒரேயடியாக அடங்கியது. பக்கத்தில் பலருக்கு அடுப்பு எரிவதே பாடாக இருந்தது. எனக்குப் பொங்கல் வந்த மாதிரி இருந்தது. கடுமையான வயிற்றுப்போக்கு என்று எழுதிக் கொடுத்துவிட்டு அலுவலகத்துக்கு லீவு போட்டேன். மூன்று நாளும் கேட்டேன். ஒரு பழைய வீணைக் கச்சேரிப் பதிவு என்னிடம் இருக்கிறது. அதில் வித்வான் மூச்சு விடுவது, மூன்றாவது வரிசையில் ஒருவர் இருமுவது, நாற்காலி ஒன்று இழுபடுவது எல்லாமே எந்த நொடியில் வரும் என்று எனக்குத் தெரியும். தறிச் சத்தத்தைத் தாண்டி அதையெல்லாம் பிடித்திருக்கிறேன் என்றால் என் காதைப் பற்றி நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

நான்காம் நாள் வியாழக்கிழமை. தாலுகா ஆபீசில் பேச்சுவார்த்தை நடக்கிறது என்றும், முடிந்தால் மத்தியானமே தறி போட்டுவிடுவார்கள் என்றும் சங்கரலிங்கம் காலையிலேயே சொல்லியிருந்தார். அவருக்கு அது நல்ல செய்தி. நான் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

பன்னிரண்டு மணி ஐந்து நிமிடத்துக்கு, அந்தப் பழைய கச்சேரிப் பதிவு ஓடிக்கொண்டிருக்கையில், பின்கட்டுப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் எவர்சில்வர் டம்ளர். அடுத்து, மூட்டையைக் கீழே போட்டது போல ஒன்று. கச்சேரி அரங்கத்தில் யாரோ எதையோ போட்டுவிட்டார்கள் என்று வைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் பல்லவி தொடங்கியது. மிருதங்கத்தோடு கூடவே, தரையில் யாரோ டம்ளரால் தட்டுவது கேட்டது. தாளத்தில் சேரவில்லை. மூன்று தட்டு, நிறுத்தம், மறுபடி இரண்டு. தாளம் தெரியாதவர்கள் ஏன் கச்சேரிக்கு வருகிறார்கள் என்று சலித்துக்கொண்டேன். பல்லவி முடிவதற்குள் தட்டுவதும் நின்றுவிட்டது. நான் அடுத்த பதிவைப் போட்டேன்.

ஒன்றே முக்காலுக்குத் தறிகள் ஓடத் தொடங்கின. இனி உட்கார்ந்து பிரயோசனமில்லை என்று எழுந்து பின்கட்டுக்குப் போனேன்.

ஆவுடை ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் கிடந்தாள். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. இடது கைக்குள் டம்ளர் இருந்தது. கண் திறந்துதான் இருந்தது. என்னைப் பார்த்தாள்.

சங்கரலிங்கம் தன் காரில் எங்களைத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார். டாக்டர் சின்ன வயசுக்காரர். "எப்ப விழுந்தாங்க?" என்றார். "ஒன்னே முக்காலுக்கு சார். இப்பத்தான்" என்றேன். "ரொம்பச் சீக்கிரம் கொண்டு வந்துட்டீங்க" என்று பாராட்டினார். ஸ்கேனைப் பார்த்துவிட்டு, அதற்குள் இவ்வளவு சேதமா என்று ஆச்சரியப்பட்டார். நானும் ஆச்சரியப்பட்டேன். வலது கையும் காலும் போய்விட்டன. பேச்சும் போய்விட்டது.

பன்னிரண்டு நாள் கழித்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அவள் தங்கை கோமதித்தாய் சிவகிரியிலிருந்து வந்திருந்தாள். சங்கரலிங்கமும் பார்க்க வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார்.

கோமதித்தாய் கஞ்சி ஊட்டிக்கொண்டே கேட்டாள். "அத்தான், அன்னைக்கு நீங்க வீட்லதான இருந்திய? அக்கா விழுந்த சத்தம் கேக்கலியா?"

"தறி ஓடுத சத்தத்துல என்னத்தக் கேக்கும்?" என்றேன். பதினோரு வருடமாகச் சொல்லிப் பழகிய பதில், நாக்கில் தயாராக இருந்தது.

சங்கரலிங்கம் என்னைத் திரும்பிப் பார்த்தார். நல்ல மனிதர், யாரையும் மாட்டிவிட நினைப்பவரில்லை. "அன்னைக்குத் தறி ஓடலியே அண்ணாச்சி" என்றார் மெதுவாக. "ஒன்னே முக்காலுக்குத்தான போட்டோம்."

கோமதித்தாய் கரண்டியை வைத்தாள். "அக்கா, எப்ப விழுந்த? தறி போட்டதுக்கு முன்னயா? முன்னன்னா கண்ண மூடு."

ஆவுடை கண்களை மூடினாள். வெகுநேரம் திறக்கவில்லை.

அதற்குமேல் மறைக்க என்ன இருக்கிறது. சத்தம் கேட்டது, பதிவில் உள்ளது என்று நினைத்துவிட்டேன் என்று கோமதித்தாயிடம் சொன்னேன். அவள் சண்டை போடவில்லை. "அக்காவ நான் கூட்டிட்டுப் போறேன் அத்தான்" என்றாள். சாயங்காலமே சிவகிரியிலிருந்து வேன் வந்தது. ஆவுடையைத் தூக்கி ஏற்றும்போது நான் கால்மாட்டில் பிடித்தேன். அவள் என் பக்கம் பார்க்கவேயில்லை.

கோமதித்தாயிடம் சொல்லாத ஒன்றை உங்களிடம் சொல்லிவிடுகிறேன். அன்று அந்தச் சத்தம் கேட்டவுடன் நான் ரிமோட்டை எடுத்து, பதிவை இருபது நொடி பின்னால் தள்ளி மறுபடி ஓடவிட்டேன். டம்ளரும் இல்லை, மூட்டையும் இல்லை. வீணை மட்டும்தான் இருந்தது. சந்தேகமே இருக்கக் கூடாது என்று இன்னொரு தடவையும் ஓட்டினேன். ஆகவே விழுந்தது ஆவுடைதான் என்று பன்னிரண்டு ஆறுக்கே எனக்குத் தெரியும். தட்டியது அவள்தான் என்றும் தெரியும். பதினோரு வருடத்தில் கிடைத்தது நாலே நாள், அதில் கடைசி அந்த வியாழக்கிழமை. பல்லவி முடியட்டும் என்று நினைத்தேன். முடிந்ததும், தறி போடும்வரைக்கும் இருப்போம் என்று நினைத்தேன்.

என்னை நானே ரொம்பக் குறைத்துச் சொல்லிக்கொள்கிறேனோ என்று சில சமயம் தோன்றுகிறது. மட்டமான ஸ்பீக்கராக இருந்தால், இரைச்சலில் அவள் விழுந்ததே தெரிந்திருக்காது. எனக்கு ஒவ்வொரு தட்டும் துல்லியமாகக் கேட்டது. அந்த அளவுக்காவது நான் அவள் கூட இருந்திருக்கிறேன்.