தாளில் பத்தொன்பது வீடு

— விரிப்பை மடிச்சது போதும் அப்பா. அதை வைச்சிட்டு என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ.

— பதினொரு மணிக்கு உடுப்புத் தோய்க்கிற அறையை விடவேணும் பிள்ளை. அடுத்தது ஃப்ராவ் எக்லியின்ரை முறை. ஒரு நிமிசம் பிந்தினாலும் கதவிலை கடதாசி ஒட்டிப்போடும் அந்த மனுசி.

— ஒட்டட்டும். வியாழக்கிழமை நகரசபைக் கூட்டத்திலை எழும்பி நிண்டு கத்தினதே அந்த மனுசிதான். "எங்கடை பகுதியிலை பத்துக்கு ஒன்பது பேர் வெளிநாட்டுக்காரர், பஸ்ஸிலை ஏறினால் ஒரு சொல்லு ஜெர்மன் காதிலை விழாது" எண்டு. மண்டபம் முழுக்கக் கைதட்டினது.

— அது இருக்கட்டும். அவ பாவம், தனிய இருக்கிற மனுசி.

— ஏன் இருக்கட்டும்? எனக்குப் பக்கத்துக் கதிரையிலை இருந்து எழும்பித்தான் சொன்னவ. சொல்லி முடிச்சிட்டு என்னைப் பாத்து, "உங்களைச் சொல்லேல்லை, வேணுகா, நீங்கள் படிச்ச பிள்ளை" எண்டு முதுகிலை தட்டினவ. நாய்க்குட்டிக்குத் தட்டிற மாதிரி.

— நீ என்ன சொன்னனீ?

— கையை எடுங்கோ எண்டனான். வேறை என்ன சொல்லுறது? பிறகு நகரசபை ஆள் திரையிலை கணக்குக் காட்டினார். வெளிநாட்டுக்காரர் நூற்றுக்கு முப்பத்தொண்டு, மிச்ச எல்லாரும் சுவிஸ். சனம் சிரிச்சுது. பொய்க் கணக்கு எண்டு ஒருத்தன் கத்தினான். எல்லாரும் திரும்பி என்னைத்தான் பாக்கினம், நான் அந்த முப்பத்தொண்டுக்குள்ளை எண்டு. நான் அறுபத்தொன்பதுக்குள்ளை அப்பா. நீங்களும் அம்மாவும் அதுக்குள்ளைதான். இந்த நாட்டிலை நிறத்துக்குப் பெட்டி இல்லை, பாஸ்போர்ட்டுக்குத்தான் பெட்டி. சிவப்புப் பாஸ்போர்ட் எடுத்த அண்டையோடை நாங்கள் கரைஞ்சு போனம்.

— நல்லதுதானே. அதுக்குத்தானே எடுத்தது.

— நல்லதோ? பஸ்ஸிலை ஏறினால் நாங்கள் கூடிப்போனம். தாளிலை தேடினால் நாங்கள் இல்லை. எது வசதியோ அதை எடுக்கினம். திட்டுறதுக்கு பஸ்ஸை எடுக்கினம், ஏதும் குடுக்கவேண்டி வந்தால் தாளை எடுக்கினம்.

— நீ பல்கலைக்கழகத்திலை படிச்சதெல்லாத்தையும் இந்த அறைக்குள்ளை கொட்டாதை. அந்தக் கூடையை இஞ்சாலை தள்ளு.

— தள்ளமாட்டன். கேளுங்கோ. அடுத்த படத்திலை எங்கடை கணக்கு. "ஸ்ரீலங்கா, நாற்பத்தாறு பேர்." அது போகட்டும், பாஸ்போர்ட் மாத்தின ஆக்கள் அதுக்குள்ளை வராயினம், எனக்குத் தெரியும். ஆனால் பங்குனியிலை வீடு வீடா ஃபோம் அனுப்பினவை. வீட்டிலை என்ன மொழி கதைக்கிறியள் எண்டு கேட்டு, தமிழுக்கெண்டு தனிப் பெட்டியே வைச்சு அனுப்பினவை. எத்தினை வீடு அந்தப் பெட்டிக்குப் புள்ளடி போட்டது தெரியுமோ? பத்தொன்பது.

— ம்.

— நேற்று வேலையாலை வந்து, எங்கடை தெருவிலையும் பின் தெருவிலையும் வாசல் மணியளிலை இருக்கிற பேரை ஒவ்வொண்டா வாசிச்சனான். எண்பத்திநாலு தமிழ் வீடு. பொலிசுக்குச் சொல்லப்போறன் எண்டு ஒரு கிழவன் வெருட்டினான். எண்பத்திநாலு, அப்பா.

— அதுக்கு இப்ப என்ன? எண்ணினால் என்ன, எண்ணாட்டி என்ன? சோறு குறையப்போகுதோ?

— கமலாவதி மாமிக்குக் குறைஞ்சிட்டுது! அவ இருக்கிற முதியோர் இல்லத்திலை மூண்டாம் மாடியைத் தமிழ் ஆக்களுக்கெண்டு திறக்கிறதோ இல்லையோ எண்டு இந்த எண்ணை வைச்சுத்தான் முடிவெடுத்தவை. தமிழ் கதைக்கிற தாதிமார், எங்கடை சாப்பாடு, எட்டுப் பேருக்கு இடம். பத்தொன்பது வீட்டுக்கு ஒரு மாடி திறக்கேலாது எண்டு கையை விரிச்சுப்போட்டினம். மாமி உங்கடை சொந்த அக்கா அப்பா.

— அக்கா எண்டு நீ எனக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

— இருபத்தெட்டு வருசம் ஆஸ்பத்திரிக் குசினியிலை அவையளின்ரை பாசையிலையே அவையளுக்குப் பகிடி விட்ட மனுசி. மறதி வருத்தம் வந்து இண்டைக்கு அவவின்ரை வாயிலை ஒரு சொல்லு ஜெர்மன் இல்லை. நோகுது எண்டு தமிழிலை கத்தினால், "காரணமின்றிக் கோபப்படுகிறார்" எண்டு எழுதி வைக்கினம். உறைப்பில்லாத அந்தக் கஞ்சியைத் தள்ளிவிட்டால், "சாப்பிட மறுக்கிறார்." மூண்டு மாதத்திலை ஏழு கிலோ இறங்கிப்போனா. நான் போன கிழமை அவவின்ரை கையைப் பிடிச்சன். எலும்பு.

— தெரியும். நானும் போய்ப் பாக்கிறனான்தானே.

— அப்ப ஏன் ஜெர்மன் எண்டு போட்டனீங்கள்?

— ஆர் போட்டது?

— நீங்கள். அலுமாரியிலை கிடந்த பச்சை ஃபைலை எடுத்துப் பாத்தனான், இந்தா, கொண்டுவந்திருக்கிறன். எதை நிரப்பினாலும் கொப்பி எடுத்து வைக்கிற ஆள்தானே நீங்கள். அறுபத்திமூண்டு வீட்டு ஃபோம். எல்லாம் உங்கடை நீலப் பேனை, எல்லாத்திலையும் ஜெர்மன். அந்தப் பத்தொன்பதும் உங்களிட்டை வராமல் தாங்களாவே நிரப்பின சனம். அறுபத்திமூண்டையும் பத்தொன்பதையும் கூட்டிப் பாருங்கோ, எண்பத்திநாலுக்கு ரெண்டே ரெண்டு வீடுதான் குறையுது. மூண்டாம் மாடியைச் சாத்தினது நகரசபை இல்லை. மகேஸ்வரன்.

— பேரைச் சொல்லிக் கத்தாதை. இந்த அறை எதிரொலிக்கும்.

— "மகேஸ் அண்ணையிட்டைக் குடுங்கோ, அவர் பிழை விடமாட்டார்." முப்பது வருசமா இந்தச் சனம் வேறை என்ன சொன்னது? ஏன் அப்பா அப்பிடிச் செய்தனீங்கள்?

— உனக்கு அப்ப ஏழு வயசு. பாஸ்போர்ட் குடுக்கிறதுக்கு விசாரிக்கிற கமிசனிலை முதல் கேள்வியே அதுதான், வீட்டிலை என்ன மொழி. எனக்கு முன்னாலை குலேந்திரன் போனவன். தமிழ் எண்டு நேர்மையாச் சொன்னான். நீங்கள் இன்னும் எங்களோடை சேரேல்லை எண்டு மூண்டு வருசம் தள்ளிவிட்டவை. அடுத்தது நான். ஜெர்மன் எண்டன், முடிஞ்சுது. அதுக்குப் பிறகு ஆற்றை ஃபோம் வந்தாலும் நான் அப்பிடித்தான்.

— அது பாஸ்போர்ட்டுக்கு. இது எத்தினை தாதி வேணும், எத்தினை கட்டில் வேணும் எண்டு கேக்கிறதுக்கு. ரெண்டும் ஒண்டோ?

— ஃபோம் எண்டால் ஃபோம்தான்.

— மகேஸ் அண்ணை, இஞ்சையோ நிக்கிறியள்? வீடு முழுக்கத் தேடினன். மாதாவே, என்ன தேப்பனும் மகளும் சண்டையோ? மேலை வாசல்மட்டும் கேக்குது.

— வாங்கோ மரியதாஸ் மாமா. நல்ல நேரம் வந்தியள். உங்கடை வீட்டிலை என்ன மொழி கதைக்கிறனீங்கள்?

— இதென்ன கேள்வி பிள்ளை? எங்கடை பூனைக்கே ஜெர்மன் தெரியாது.

— உங்கடை ஃபோமிலை ஜெர்மன் எண்டு போட்டிருக்கிறார் இவர்.

— அண்ணை போட்டால் அதிலை ஒரு காரியம் இருக்கும். நான் கேள்வி கேக்கிறேல்லை. அது கிடக்க அண்ணை, வீட்டுக் கொம்பனிக் கடிதம் பாத்தனீங்களோ? தந்து மூண்டு கிழமையாச்சு.

— பாக்கிறன் மரியதாஸ். கொஞ்சம் வேலை.

— பென்சன் எடுத்த மனுசனுக்கு என்ன வேலை? இண்டைக்கு இன்னொண்டு வந்திருக்கு, சிவப்பு எழுத்திலை. பயமாக் கிடக்கு. நிண்ட நிலையிலை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோவன்.

— கண்ணாடி மேலை கிடக்கு. வைச்சிட்டுப் போ.

— உங்கடை நெத்தியிலை எல்லோ கிடக்கு அண்ணை, கண்ணாடி.

— வை எண்டனான்!

— சரி, சரி. இந்தா, மெசின் மேலை வைக்கிறன். சத்தியமா, இப்பிடி எரிஞ்சு விழுற ஆளில்லை அண்ணை. ஏதோ நீதான் பிள்ளை ஆளைக் குழப்பிப்போட்டாய். நான் வாறன்.

— பாத்தியளோ? அந்த மனுசன் உங்களைக் கடவுள் மாதிரி நம்புது. தன்ரை மொழியை மாத்தி எழுதிப்போட்டியள் எண்டு சொல்லியும் கோவம் வரேல்லை அதுக்கு. எனக்கு வருது. ரெண்டு பேருக்கும் சேர்த்து எனக்கு வருது.

— எண்பத்திமூண்டுக் கலவரத்திலை நான் கொழும்பிலை, வெள்ளவத்தையிலை இருந்தனான்.

— கதையை மாத்தாதேங்கோ.

— மாத்தேல்லை. வந்தவங்களின்ரை கையிலை லிஸ்ட் இருந்தது. முகத்தைப் பாத்து வரேல்லை அவங்கள், தாளைப் பாத்து வந்தவங்கள். ஒருத்தன் வாசலிலை நிண்டு வீட்டு இலக்கத்தை வாசிக்கிறான், மற்றவன் உள்ளை வாறான். பக்கத்துச் சிங்கள வீட்டிலை ஒரு யன்னல் கண்ணாடி உடையேல்லை. பின்மதில் பாஞ்சு ஓடினன். இனி ஒரு தாளிலையும் தமிழ் எண்டு எழுதுறேல்லை எண்டு அண்டைக்கு நினைச்சனான்.

— இதை நீங்கள் எனக்குச் சொன்னதே இல்லை.

— இப்ப வாய் அடைச்சுப்போச்சோ?

— அடைக்கேல்லை. விளங்குது. ஆனாலும் விடமாட்டன். அங்கை லிஸ்டிலை இருந்ததாலை செத்தவை. இஞ்சை லிஸ்டிலை இல்லாததாலை மாமி செத்துக்கொண்டிருக்கிறா. புதன்கிழமை வரைக்கும் ஆட்சேபம் குடுக்கலாம். திங்கள் காலமை என்னோடை நகரசபைக்கு வாங்கோ. பிழையா நிரப்பினது நான்தான் எண்டு எழுதிக் குடுங்கோ. அவ்வளவுதான்.

— வரேலாது.

— வெக்கமோ?

— வரேலாது எண்டால் விடன்.

— அக்காவுக்காகக் கூட ஏலாதோ? ஒரு பக்கக் கடிதம். நீங்கள் எழுதாத கடிதமோ? இந்தத் தெருவிலை பாதிப் பேருக்கு வேலை எடுத்துக் குடுத்ததே உங்கடை கடிதம்!

— கையை எடு. விரிப்புக் கசங்குது.

— கசங்கட்டும். சரி, லிஸ்டுக்குப் பயந்து மொழியை மறைச்சியள். அப்ப இதைச் சொல்லுங்கோ. ஏழாம் கேள்வி, எழுபது வயசுக்கு மேலை ஆரும் இருக்கினமோ. மரியதாஸ் மாமாவின்ரை தாய்க்குத் தொண்ணூறு. "இல்லை" எண்டு போட்டிருக்கிறியள். கோசலா அக்காவுக்கு நாலு பிள்ளையள். "பிள்ளைகள் இல்லை." எங்கடை வீட்டு ஃபோமிலை கார் "இல்லை." கார் வாசலிலை நிக்குது அப்பா! இதுவும் வெள்ளவத்தையோ? காருக்கும் பயந்தனீங்களோ?

— தாளைக் கீழை வை.

— பொறுங்கோ. நான் மொழிக் கேள்வியை மட்டும்தான் பாத்தனான், இப்பத்தான் முழுக்கப் பாக்கிறன். முதல் பெட்டி. எல்லாத்துக்கும் முதல் பெட்டி. மேலையிருந்து கீழை, ஒரே கோடு மாதிரி, அறுபத்திமூண்டிலையும். நீங்கள் ஒரு கேள்வியையும் வாசிக்கேல்லை! சனத்தின்ரை உயிர் இதிலை கிடக்கு, ஒரு வரி வாசிக்கப் பஞ்சியோ உங்களுக்கு?

— பஞ்சி இல்லை.

— பிறகு என்ன கோதாரிக்கு எனக்குக் கமிசன் கதையும் லிஸ்ட் கதையும் சொன்னனீங்கள்?

— ரெண்டும் உண்மை பிள்ளை. ஆனால் அதுக்காக இல்லை.

— வேறை எதுக்காக?

— கதவைச் சாத்து.

— சாத்தியாச்சு. சொல்லுங்கோ. என்னைப் பாருங்கோ அப்பா.

— போன குளிர் துவங்கேக்கை இருந்து இப்பிடித்தான். ஜெர்மன் எழுத்து ஒவ்வொண்டாத் தெரியுது, சேர்த்து வாசிச்சால் ஒண்டும் வரேல்லை. அம்மாவுக்குச் சொல்லேல்லை. சனம் நம்பிக் கொண்டுவந்து நீட்டுது, எனக்கு ஏலாது எண்டு எந்த வாயாலை சொல்லுறது?

— கண் டொக்டரிட்டை காட்டினனீங்களோ? திங்கள் அங்கை முதல் போவம். கண்ணாடி நம்பர் மாறியிருக்கும், அவ்வளவுதான்.

— கண்ணிலை ஒண்டும் இல்லை பிள்ளை. அக்காவுக்கும் முதல் போனது எழுத்துத்தான்.