முதுகில் இருந்த பிளாஸ்திரி

ராஜாம்பாள்: …நீங்க இன்னா வேணா சொல்லுங்க டாக்டர். என் தம்பிய இவதான் கொன்னா.

விஜயலட்சுமி: அண்ணி, வாய அடக்கிப் பேசுங்க.

ராஜாம்பாள்: இன்னாத்துக்குடி அடக்கணும்? ரத்தத்துல வலி மருந்து ஜாஸ்தின்னு ரிப்போர்ட்டே வந்துட்டுது. "இவரு போய்ச் சேந்தா தேவல"ன்னு நீ சொன்னத ஊரே கேட்டுது!

விஜயலட்சுமி: அவரு படற வேதன தாங்காம சொன்னேன்! கூட இருந்து பாத்தது நான். நீங்க பாத்தீங்களா?

சிவசங்கர்: ரெண்டு பேரும் உக்காருங்க. போலீஸ் எங்கிட்ட கேட்டிருக்கறதும் இதத்தான். மருந்து அளவு கொலைன்னு காட்டுதா, இல்லியா?

விஜயலட்சுமி: காட்டுதுன்னு இவங்க அப்பவே முடிவு பண்ணிட்டாங்க சார். பாடையத் தூக்கவுடாம புகார் குடுத்தவங்களே இவங்கதான். தாலி கழட்டின கையோட ஸ்டேஷன்ல போயி உக்காந்தேன்.

சிவசங்கர்: கேளுங்கம்மா. தெய்வசிகாமணிக்கு முதுகெலும்புல கேன்சர். மாசக்கணக்கா முதுகுல ஃபென்டனில்ங்கற வலி மருந்து பிளாஸ்திரி. தோல் வழியா மருந்து கொஞ்சம் கொஞ்சமா எறங்கும். சரிதானே?

விஜயலட்சுமி: ஆமாங்க. மூணு நாளைக்கு ஒண்ணு மாத்துவேன்.

சிவசங்கர்: புது ஆளுக்கு ரத்தத்துல இந்த அளவு வந்தா உயிரு போயிடும். பழகின உடம்பு தாங்கும். வெறும் நம்பர வச்சு கொலைன்னு என்னால எழுத முடியாது.

ராஜாம்பாள்: தாங்கும்னா ஏன் சார் செத்தான்?

சிவசங்கர்: அதுக்குத்தான் வரேன். செத்த பெறகு மருந்து சுத்தியிருக்கற சதையிலேர்ந்து நெஞ்சு ரத்தத்துல கசியும். அங்க ரத்தம் எடுத்தா ஜாஸ்தியாத்தான் காட்டும். அதனால தொடையிலயும் எடுத்தோம்.

ராஜாம்பாள்: அதுல?

சிவசங்கர்: அதுல கம்மி. ஆனா… ஒரு பிளாஸ்திரி குடுக்கறத விட ஜாஸ்தி.

ராஜாம்பாள்: பாத்தியா! ரெண்டு ஒட்டிட்டு இங்க வந்து நீலிக் கண்ணீரு வுடுறா!

விஜயலட்சுமி: ஒண்ணுதான் ஒட்டினேன்! எம் புள்ள மேல சத்தியமா ஒண்ணுதான்!

சிவசங்கர்: கத்தாதீங்க! நான்தான் அறுத்துப் பாத்தேன். ஒடம்புல ஒண்ணுதான் இருந்துச்சு. ரெண்டாவதா ஒட்டின தடமே இல்ல. ஆனா அந்த ஒண்ணு மேல பச்சையா கறை. சுத்தித் தோலு செவந்து கன்னிப் போயிருந்துச்சு.

ராஜாம்பாள்: …பச்சையாவா?

சிவசங்கர்: பிளாஸ்திரி மேல சூடு பட்டா, மூணு நாளைக்கு எறங்க வேண்டிய மருந்து மடமடன்னு எறங்கிடும். ஆளு அசந்து தூங்குவாரு. மூச்சு கொறஞ்சு கொறஞ்சு நின்னுடும். யாராவது ஒத்தடம் குடுத்தீங்களா?

விஜயலட்சுமி: இல்லீங்க. யாரும் குடுக்கல.

சிவசங்கர்: அப்ப அந்தக் கறை?

விஜயலட்சுமி: தெரியாதுங்க.

சிவசங்கர்: …வெளிய இன்ஸ்பெக்டர் வந்துட்டாரு போல. பேசிட்டு வந்துடறேன். யோசிச்சு வைங்க. நான் எழுதிக் குடுத்துட்டா அப்புறம் மாத்த முடியாது.

ராஜாம்பாள்: …விஜயா.

விஜயலட்சுமி: எங்கிட்ட பேசாதீங்க.

ராஜாம்பாள்: அன்னிக்கி நான்தான்டி… கோமுகி ஆத்தோரம் நொச்சித் தழை ஒடிச்சிக்கினு வந்து… வதக்கி…

விஜயலட்சுமி: தெரியும்.

ராஜாம்பாள்: தெரியுமா! அப்ப ஏன்டி சொல்லல? எம் பேரச் சொல்லியிருந்தா நீ தப்பிச்சிருப்பியே!

விஜயலட்சுமி: இப்ப மட்டும் கேக்கறீங்க! வடக்கனந்தல் பஸ் ஸ்டாண்டுல நின்னு கொலகாரின்னு கத்துனப்ப கேட்டீங்களா? எம் புள்ள பள்ளிக்கூடம் போவ மாட்டேன்னு வூட்டுல குந்திக்கினு கீறான்!

ராஜாம்பாள்: ஐயோ… சூடு ஆவாதுன்னு எனுக்கு இன்னாடி தெரியும்? "அக்கா, முதுவு புட்டுக்கினு போவுது"ன்னு அழுதான். ஒத்தடம் குடுத்தேன். தூங்கிட்டான்… டாக்டர் வரட்டும், நானே சொல்லிடறேன். சூடு வைக்கக் கூடாதுன்னு யாருக்குமே தெரியாதுன்னு சொல்றேன். உனக்குந்தான் தெரியாதுல்ல? நீயாவது சொல்லுடி…

விஜயலட்சுமி: நர்சம்மா எங்கிட்ட சொல்லிதான் அனுப்பினாங்க அண்ணி. நீங்க தழைய வச்சப்ப நான் வாசப்படியில நின்னு பாத்துக்கினுதான் இருந்தேன். அவரு கத்தறது நின்னுது… கண்ண மூடினாரு… தூங்கட்டும்னு வுட்டுட்டேன்.