அக்கா போட்ட பூட்டு

மேடையில் வீற்றிருக்கும் எங்கள் நிறுவனத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையின் பொறுப்பாளர் அவர்களே, அவர் பக்கத்தில் அமர்ந்திருக்கும் நம் மறைந்த அக்காவின் கணவர், நம் எல்லோருக்கும் சட்டை தைத்துக் கொடுத்த தையல்கடைக்காரர் அவர்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் என் சக ஊழியர்களே!

அழுகையெல்லாம் வீட்டிலேயே அழுது முடித்துவிட்டேன். இங்கே பெருமைப்பட வந்திருக்கிறேன்.

நம் தலைமைப் பொறியாளரை இந்தக் கட்டடத்தில் யாராவது பதவி சொல்லி அழைத்ததுண்டா? 'மரக்கார அக்கா' என்றுதானே அழைத்தோம்! நான் அவரைவிட வயதில் மூத்தவன். சோதனைப் பிரிவின் தலைவன். எனக்கும் அவர் அக்காதான். சண்டை போட்டுத் தோற்றவன் வேறு எப்படி அழைப்பான்?

அந்தப் பெயர் எப்படி வந்தது? ஆம்புலன்ஸ்களை அனுப்பும் நம் மென்பொருளை முதன்முதலாக ஓடவிட்ட நாள். நம் அலுவலகக் கணினியில் சமர்த்தாக ஓடியது, கட்டுப்பாட்டு அறையில் ஏற்றியதும் தொப்பென்று விழுந்தது. அங்கே பெண்கள் காகிதத்தில் முகவரி எழுதி, வயர்லெஸ்ஸில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். இங்கே நம் வீரர்கள் என்ன செய்தார்கள்? வெளியார் எழுதிவைத்த ஆயத்த நிரல்களை, அதாவது லைப்ரரிகளை, ஆளுக்கொன்றாகப் புதிதாகச் சேர்த்தார்கள்! ஒருவர் சேர்க்க, இன்னொருவர் அதற்கு மேல் சேர்க்க, வியாதி முற்றியது.

அக்கா உள்ளே வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"யாரும் எதையும் சேர்க்காதீங்க. கீபோர்டுலேருந்து கையை எடுங்க. முதல்ல மரத்தைக் காட்டுங்க."

எந்த லைப்ரரி எந்த லைப்ரரியைக் கூட்டிவந்தது என்று கிளை கிளையாகக் காட்டும் பட்டியலைத்தான் அவர் மரம் என்றார். ஜாவா மொழியில் எழுதிய நம் மென்பொருள், கேட்கிறவர்களுக்குப் பதில் தரும் சர்வர் என்ற பகுதியைத் தன் வயிற்றுக்குள்ளேயே சுமந்து செல்வது. ஒரு வயிற்றில் ஒரு சர்வர்தான் இருக்க வேண்டும். அறிக்கை அச்சடிக்கும் லைப்ரரி ஒன்று, யாரிடமும் சொல்லாமல், பழைய சர்வர் ஒன்றையும் கூடவே இழுத்து வந்திருந்தது. எது முதலில் கண்ணில் பட்டதோ அதை ஜாவா எடுத்துக்கொள்ளும். இங்கே புதியது பட்டது, அங்கே பழையது பட்டது. பழையதிடம் போய்ப் புதிய வேலையைக் கேட்டால், 'அந்த வேலைக்கான மெத்தடே என்னிடம் இல்லை' என்று கையை விரிக்காதா?

அச்சு லைப்ரரியோ பழையதோடு மட்டும்தான் ஒத்துப்போகும். ஆகவே அக்கா மென்பொருள் முழுவதையும் அந்தப் பழைய சர்வருக்கே இறக்கி, 'இதைத் தவிர வேறு பதிப்பை எடுக்காதே' என்று ஒரே வரியில் பூட்டுப் போட்டார். மென்பொருள் எழுந்தது. வண்டிகள் கிளம்பின. நாங்கள் கைதட்டினோம். அவரோ என்னிடம் வந்து நின்றார்.

"இது நல்ல பூட்டு இல்லை. இப்போதைக்குப் போட்டிருக்கேன். இதை எடுக்க வேண்டிய நாள் வந்தா சிவப்பு எரியுற மாதிரி ஒரு சோதனை வைக்கணும்."

"ஓடுறதைச் சோதிக்கத்தான் சோதனை. எடுக்கச் சொல்றதுக்கு ஒரு சோதனையா? உங்களுக்கு வேற வேலை இல்லையா அக்கா?" என்று கேட்டேன்.

"நீங்களும் நானும் மறந்துடுவோம். அது மறக்காது," என்றார். வைத்தும்விட்டார்; மென்பொருளில் எதை மாற்றினாலும் தானாக ஓடிப் பார்த்துச் சொல்லும் சிறு நிரல் அது. அன்றிலிருந்து அவர் போட்ட பூட்டு ஒவ்வொன்றுக்கும் அப்படி ஒரு சோதனை உண்டு. பூட்டுப் போடாத பொறியாளர் உலகில் உண்டா? அதைத் திறக்க வேண்டிய நாளுக்கும் ஏற்பாடு செய்துவிட்டுப் போகிறவர் எத்தனை பேர்!

நண்பர்களே, இந்தப் பழைய சர்வருக்கு இனி பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. புதியதற்கு மாறியே தீர வேண்டியிருந்தது. அந்த வேலையின் நடுவில்தான் அக்கா நம்மை விட்டுப் போனார். போன வாரம், புதிய சர்வரோடும் ஒத்துப்போகும் அச்சு லைப்ரரியின் புதிய பதிப்பை ஏற்றினோம். திரையில் சிவப்பு எரிந்தது. அக்காவின் சோதனை! 'இந்தப் பூட்டின் வேலை முடிந்தது. எடுத்துவிடுங்கள்.'

யார் எடுப்பது? ஒரு வரிதான். அழிக்க ஒரு விசை போதும். ஆனால் அது அக்காவின் கைபட்ட வரி! எங்களில் ஒருவருக்கும் கை வரவில்லை. தலைவர் அவர்கள், மரியாதைக்காக, மாற்றத்தைத் தள்ளிவைக்கலாமா என்றுகூட யோசித்தார். பாதுகாப்பு இல்லாத சர்வரில் ஆம்புலன்ஸை ஓட்டுவது எந்த ஊர் மரியாதை?

துக்கம் விசாரிக்கப் போனபோது இதை அக்காவின் கணவரிடம் சொன்னேன். தையல் மெஷினைப் பார்த்தபடியே கேட்டார். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"அளவு நிக்கணும்னு முதல்ல ஒரு ஓட்டுத் தையல் போடுவோம் சார். தெச்சு முடிச்சதும் அதைப் பிரிச்சிடணும். பிரிக்காம விட்டா தெச்சவங்களுக்குத்தான் கேவலம். அவ பிரிக்கச் சொல்லிட்டுத்தானே போயிருக்கா? பிரிங்க."

பிரித்தோம்! இன்று காலை அந்த வரியை அழித்தோம். மறுபடி மரத்தைப் பார்த்தோம். கிளை கிளையாகத் தேடினோம். ஒரே சர்வர்! திரை முழுக்கப் பச்சை! கட்டுப்பாட்டு அறையில் புதிய பதிப்பு ஓடத் தொடங்கிய பிறகுதான் இந்த மண்டபத்துக்கு வந்தோம்.

அக்காவுக்கு இந்தச் சபையில் நான் தரும் வாக்கு இதுதான். புரியாமல் எதையும் சேர்க்க மாட்டோம். மரத்தைப் பார்க்காமல் மருந்து போட மாட்டோம். திறக்கும் நாளைச் சொல்லாத பூட்டை என் சோதனைப் பிரிவு உள்ளே விடாது. யார் சண்டைக்கு வந்தாலும் விடாது. சண்டை போட நான் கற்றுக்கொண்ட இடம் அப்படி!

கடைசியாக, பொறுப்பாளர் அவர்களே, உங்களை ஒன்று கேட்க வேண்டும். எந்தக் கூட்டத்திலாவது நீங்கள் முழுசாக உட்கார்ந்ததுண்டா? வண்டி போகவில்லை, திரை நின்றுவிட்டது என்று போன் வரும், பாதியில் எழுந்து ஓடுவீர்கள். இன்று கூட்டம் தொடங்கியதிலிருந்து உங்கள் போன் மடியிலேயே கிடக்கிறது. நானும் ஓரக்கண்ணால் அதைப் பார்த்துக்கொண்டேதான் பேசுகிறேன். சத்தத்தை அடக்கி வைத்திருக்கிறீர்களா?

இல்லை என்று தலையாட்டுகிறார்.

அக்கா, போன் அடிக்கவில்லை.