ஒரு கதவு மட்டும் கண்ணாடி

"துவக்கு வெடி பட்ட ஓட்டைய அடைங்க எண்டுதானே சொன்னன், பாஸ். ஆரு இவ்வளவு மினுக்கச் சொன்னது?"

சோதனைச் சாவடியில் பஸ்ஸை விட்டிறங்கி வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் ஒரு வான்காரர். பக்கத்தில் அந்த வானுக்குப் பெயின்ட் அடித்தவர்; கைத்தொழில்காரரை எங்கள் ஊரில் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். ஆமிக்காரன் ஒருவன் வானைத் தடவிக்கொண்டே சுற்றி வந்தான்.

"பெயின்ட் தோடம்பழத் தோல் மாதிரிப் புள்ளி புள்ளியா விழுந்திச்சு, அண்ணன். வோட்டர் பேப்பர் போட்டுத் தேய்ச்சி எடுத்தன்."

"கொம்பனிப் பெயின்டும் லேசா அப்பிடித்தானே! மத்தக் கதவுகளப் பாருங்க. இது மட்டும் கண்ணாடி மாதிரிக் கிடக்கு."

ஆமிக்காரனின் கை அந்தக் கதவில் நின்றது.

"சுனாமியில அடிபட்டது எண்டு சொல்லுங்க, அண்ணன்."

"வான் கப்பலால இறங்கினதே சுனாமிக்குப் பிறகு. வான்ட பதிவுப் புத்தகம் அவன்ட மத்தக் கையில கிடக்கு."