ததேயு என்று எழுதிய கூப்பன்

பெயர் சிலுவையம்மாள், க/பெ ஆசீர்வாதம். வயது 46. விலாசம் இராயபுரம், தேவாலயத்துப் பின்தெரு. வீட்டைக் கவனித்து வருகிறேன். ஐந்தாவது வரைதான் பள்ளி. மற்றது நானே படித்துக்கொண்டது. காவல் நிலைய எழுத்தர் வேறு வேலையில் இருந்ததால், உதவி ஆய்வாளர் அனுமதியுடன் இந்த வாக்குமூலத்தை என் கையாலேயே எழுதுகிறேன்.

16.10.2008 வியாழக்கிழமை எங்கள் தெருப் பாத்திரச் சீட்டில் சேர்ந்த பத்துப் பெண்களும் வண்ணாரப்பேட்டையில் ஒரு பாத்திரக் கடைக்குப் போனோம். அங்கே பரிசுக் கூப்பன் கொடுத்து, முதல் பரிசு வாஷிங் மெஷின் என்றும், பெயர், வயது, செல் நம்பர் எல்லாம் எழுதவேண்டும் என்றும் சொன்னார்கள். எந்தக் கூப்பன் போட்டாலும் அன்றைய கிழமைக்குரிய புனிதரின் பெயரை என் பெயரோடு சேர்த்து எழுதி, நோட்டிலும் குறித்துக்கொள்வது என் வழக்கம். பரிசு விழுந்தால் யாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவது என்று தெரியவேண்டும் அல்லவா. வியாழன் யூதா ததேயுவுக்கு உரியது என்பதால் ‘சிலுவையம்மாள் ததேயு’ என்று எழுதினேன். வயது 38 என்று எழுதினேன். அது பொய். அதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன்.

அதன் பின்பு பத்து நாளில் எங்கள் பத்துப் பேருக்கும் லோன், இன்சூரன்ஸ் என்று போன் வரத் தொடங்கியது. எனக்கு தினமும் பதினோரு மணிக்கு, சரியாகக் குழம்பு தாளிக்கும்போது வரும். அதன் பின்பு ஒருநாள், எங்கள் சீட்டில் உள்ள அடுத்த வீட்டுச் சொக்கம்மாளின் செல்லில் ஓர் ஆண் குரல் “சொக்கம்மாள் மேடம் இருக்காங்களா?” என்று குழைந்து கேட்க, எடுத்தது அவள் கணவர் சுப்பராயன். அவர் செல்லைச் சுவரில் அடித்து உடைத்துவிட்டு இரண்டு நாள் வீட்டில் சாப்பிடவில்லை.

அதன் பின்பு இன்று 18.11.2008 காலை சொக்கம்மாள், தெருமுனையில் ரீசார்ஜ் கடை வைத்திருக்கும் சாபிராவிடம் சண்டைக்குப் போனாள். நான் அருகில் நின்று கேட்டது:

“எல்லார் நம்பரையும் எய்தி வெச்சிக்கினு கீறவ நீதான். எவன்கிட்டடி வித்த? எங்க வூட்டுக்காரரு மூஞ்சியத் திருப்பிக்கினு கீறாரு!”

“அக்கா, என்னாண்ட நம்பரு மட்டும்தான் கீது. அவன் வயசும் சொல்றானாமே, உன் வயசு எனக்கு இன்னாத்துக்கு?”

அதன் பின்பு சொக்கம்மாள் கடையை இழுத்துப் பூட்டி, சாவியோடு இங்கே வந்து புகார் கொடுத்தாள். சாபிராவையும் அவள் நம்பர் நோட்டோடு இங்கே அழைத்து வந்தார்கள். சாபிராவின் இரண்டு பிள்ளைகளுக்கும் அந்தக் கடைதான் சோறு. ஆகவே நான் நோட்டை எடுத்துக்கொண்டு பத்தரைக்கு வந்து, பதினோரு மணி வரை பொறுக்கும்படி உதவி ஆய்வாளரைக் கேட்டுக்கொண்டேன்.

11.05க்கு என் செல் அடித்தது. உதவி ஆய்வாளர் அதை ஸ்பீக்கரில் போட்டார்.

“சிலுவையம்மாள் ததேயு மேடமா? முப்பத்தெட்டு வயசுக்கு அருமையான பாலிசி இருக்கு மேடம்.”

“முப்பத்தெட்டா? அடிப்பாவி, உன் புள்ளைக்கே இருபத்தெட்டு!” என்று முதலில் சிரித்தது சொக்கம்மாள். காலையிலிருந்து தலை நிமிராத சாபிராவும் சிரித்துவிட்டாள்.

அதன் பின்பு உதவி ஆய்வாளர் என் நோட்டைப் பார்த்து, ததேயு பெயர் அந்த ஒரு கூப்பனில் மட்டுமே இருப்பதையும், சாபிராவின் நோட்டில் வெறும் நம்பர்களே இருப்பதையும் குறித்துக்கொண்டு, பாத்திரக் கடையை விசாரிப்பதாகச் சொன்னார். சொக்கம்மாள் சாவியை எடுத்து, “வா சாபிரா, நானே தொறந்து வுடறேன். அப்பால நீ வந்து எங்க வூட்டுக்காரராண்ட ஒரு வார்த்த சொல்லு” என்றாள். இருவரும் ஒரே ரிக்‌ஷாவில் போனார்கள்.

வாஷிங் மெஷின் விழவில்லை. காரியம் நடந்தது ததேயு பெயரால் என்பதால் வருகிற வியாழன் மெழுகுவர்த்தி அவருக்கே.

மேலே எழுதியது அனைத்தும் நான் கண்டதும் கேட்டதுமான உண்மை. இம்முறை யார் பெயரையும் சேர்க்காமல், சரியான வயதோடு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
சிலுவையம்மாள், 46