நாற்பது சென்டிமீட்டர்

— அத்த கீழ வை சாமி. ஒனக்கு ஒத்து வராது.

— ஏன்?

— ஏனா? நாப்பது சென்டிமீட்டரு. தூக்கிப் பாத்தியே, உலக்கையாட்டம் இல்ல? நெலாவ புடிக்கிறவன் வாங்குற லென்ஸு அது. மொத மொத மோட்டார் ரேஸுக்குப் போறவன் இத்த தூக்கிகினு போனா வானத்தையும் தரையையும்தான் புடிச்சிகினு வருவான். தோ, இத்தப் பாரு. பதிமூணரை. கைக்கு அடக்கமா கீது. வண்டி ஓட ஓட நீயும் இடுப்பத் திருப்பிகினே வந்து அமுக்கிடலாம்.

— இதுல முகம் எவ்வளவு பெரிசா வரும்?

— இன்னா மொகம்?

— ஓட்டறவன் முகம்.

— அய்ய. ரேஸுல எவன் மொகத்தப் புடிப்பான்? வண்டியப் புடி. சக்கரத்தப் புடி. பின்னால தூசி எழும்புது பாரு, அத்தப் புடி. அதுதான் சாமி அழகு.

— வண்டி வேண்டாம். முகம் போறும்.

— மொகம்தான் வேணும்னா ஆள ஸ்டூடியோவுக்கு இட்டுகினு வா. குந்த வச்சி, லைட்டப் போட்டு, பவுடர் பூசி எடுத்துத் தரேன். செங்கல்பட்டுல கண்ணாயிரம் கடையில குந்தாதவன் யாரு கீறான்? குந்த முடியாம கெடக்குறவங்களையே குந்த வச்சி எடுத்தவன் நான். ஒனக்குத் தெரியாததா?

— தெரியும்.

— அக்காங். ஒன் சம்சாரத்த எடுத்தது நான்தானே. ஆஸ்பத்திரிக்குப் பின்னால, பெஞ்சு மேல. போலீஸ்காரன் அவசரப்படுத்துறான், வெளிச்சம் வேற எறங்கிப்போச்சு. அப்டியும் எப்பேர்ப்பட்ட படம்!

— நூறு கஜத்துலேர்ந்து எடுத்தா, இந்தப் பதிமூணரைல முகம் எவ்வளவு வரும்?

— கடுகளவு.

— அந்த நாப்பதுல?

— மொளகளவு. அதுக்கு மேல பெருசு பண்றது என் வேல. ஆனா ஒண்ணு கேக்குறேன், நீ இன்னாத்துக்கு நூறு கஜம் தள்ளி நிக்கணும்? வளைவாண்ட வைக்கப்புல்லு கட்டு அடுக்கி வச்சிருப்பான். அதுக்குப் பின்னால போய் நில்லு. வண்டி மூக்குல இடிக்கிறாப்புல போவும். பதிமூணரையே ஜாஸ்தி.

— நான் கிட்ட நிக்கப் போறதில்லை.

— பயமா?

— அப்படியே வெச்சுக்கோங்கோ.

— ஐயங்காரு வூட்டுப் புள்ள, பி.ஏ. படிச்சவன், பயம் இருக்கத்தான் செய்யும். யாரு மொகம் சாமி அது? சினிமாக்காரன் எவனாச்சும் ஓட்டுறானா?

— உலகநாதன்.

— எந்த உலகநாதன்? பச்ச வண்டியா? எஸ்டேட்காரர் புள்ள?

— ஆமாம்.

— சாமி... ஒன் சம்சாரத்த இடிச்சது அவன் வண்டிதானே? மாவலிபுரம் ரோட்டுல?

— அவன் வண்டிதான். கோயிலுக்குப் போயிட்டு பஸ்ஸுக்கு நின்னுண்டிருந்தோம். சுந்தரவல்லி ரோட்டு ஓரத்துல கொஞ்சம் முன்னாடி நின்னா.

— ஆனா ஓட்டுனது டிரைவருன்னு கோர்ட்டுல ஆயிப்போச்சே. முத்துசாமின்னு ஒருத்தன் உள்ள போனானே.

— போனான். வந்துட்டான்.

— வந்துட்டானா! இப்ப எங்க கீறான்?

— உலகநாதனோட கார் ஷெட்டுல. அதே எஜமான்கிட்ட. ரேஸ் வண்டிக்கு பிரேக் பார்க்கறது அவன்தான்.

— த்தூ. ஜெயிலுக்கு அனுப்புனவன் காலையே போய் நக்குறான் பாரு. மானங்கெட்டவன். நீ அவன எங்க பாத்த?

— அவன் வெளியில வந்த அன்னிக்கு ஜெயில் வாசல்ல நின்னேன்.

— அடிச்சியா?

— எதுக்கு? அவன் ஓட்டலைன்னு எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்னு அவனுக்கும் தெரியும். காபி சாப்பிட்டோம். ஷெட்டுல திரும்பிப் போய்ச் சேருன்னு நான்தான் சொன்னேன்.

— நல்ல கூத்துடா இது. பொண்டாட்டியப் பறிகுடுத்தவனும் பழி சொமந்தவனும் உக்காந்து காபி குடிக்கிறாங்க. சரி, அந்த உலகநாதன் மொகத்த எடுத்து இன்னா பண்ணப் போற? செவுத்துல ஒட்டி சாணி அடிக்கப் போறியா?

— பார்த்துண்டிருக்கணும்.

— தோலு தொப்பி போட்டுகினு, இம்மாம் பெரிய கண்ணாடி மாட்டிகினு இருப்பான். அதுல மொகம் எங்க தெரியும்?

— வாய் தெரியும்.

— வாயா?

— வாய் போறும்.

— புடிவாதக்காரன் சாமி நீ. சரி, கேட்டுக்க. இந்த நாப்பதுல ஓடுற வண்டியத் தொரத்தி ஃபோகஸ் பண்ண எங்கப்பனால கூட முடியாது. முன்னாடியே ஒரு எடத்தப் பாத்து வச்சிக்க. காலைலயே ஸ்டாண்டப் போட்டு, அந்த எடத்துக்கு ஃபோகஸ் வச்சி, வளையத்த நூலால கட்டிடு. அப்பறம் தொடவே கூடாது. வண்டி அந்த எடத்துக்கு வந்துச்சா, அமுக்கு. புரிஞ்சுதா?

— புரிஞ்சுது. இடம் பார்த்துட்டேன்.

— அதுக்குள்ளயா? எங்க?

— கிழக்கு வளைவு. நீங்க சொன்ன வைக்கோல் கட்டு இருக்கே, அதுக்கு நடுவுல வெள்ளையடிச்ச தகர பீப்பா ஒண்ணு. அதுக்கு ஃபோகஸ் வைக்கறேன்.

— பீப்பாவுக்கா! ஐயோ சாமி, வவுறு வலிக்குது. பீப்பா ரோட்டுக்கு வெளிய இல்ல கீது? வண்டி ரோட்டுல போவும். பீப்பாவுக்குக் குறி வச்சா படத்துல பீப்பாதான் வுழும். வண்டிக்கு அங்க இன்னா வேல?

— பீப்பாவே இருக்கட்டும்.

— இதுதான் புதுசா வர்றவன் புத்தி. நல்லா யோசி. யுத்தத்துல வெள்ளக்காரன் போட்ட ஏரோட்ரோமு, கோடு கிழிச்சாப்புல நேரா கீது. அதுல நூறு மைலு வேகத்துல வருவான். அந்த வளைவுலதான் மொத மொத பிரேக்குல கால வைப்பான்.

— தெரியும். முத்துசாமி சொன்னான்.

— கால வச்சி, திருப்பிகினு போய்டுவான். பீப்பா பக்கம் எட்டிக்கூடப் பாக்க மாட்டான். ஒன் படத்துல இன்னா வரும் தெரியுமா? நான்தான் வருவேன்.

— நீங்களா?

— பின்ன? ரேஸ் நடத்துற கிளப்புக்காரன் என்னத்தானே வச்சிகீறான் படம் எடுக்க. பீப்பாவுக்குப் பின்னால ஸ்டூலு போட்டுகினு நிக்கப் போறேன். இன்னா சாமி, மொகம் மாறுது?

— அங்க நிக்க வேண்டாம்.

— ஏன் வாணாம்?

— மேடைக்குப் பக்கத்துல நில்லுங்கோ. கோப்பை குடுக்கற இடம். நல்ல படம் கிடைக்கும்.

— யாருக்கு யாரு சொல்லித் தர்றது? கடைக்குள்ள வந்தப்பதான் லென்ஸ எந்தப் பக்கம் மாட்டுறதுன்னு கேட்ட.

— சொன்னா கேளுங்கோ, கண்ணாயிரம். உங்களுக்குக் குழந்தைகள் இருக்கா?

— மூணு கீது. கேட்டான் பாரு கேள்வி. திடீர்னு இன்னா அக்கற எம்மேல? ஓ! அந்தப் படத்துக்கா? மாட்டி வச்சிகீறியா?

— பெருமாள் உள்ளுல மாட்டியிருக்கு. தெனம் விளக்கேத்தறேன்.

— கண்ணு பாத்தியா கண்ணு? பேசுது இல்ல?

— கண்தான் அவளோடது மாதிரி இல்லை. நான்தான் மறந்துட்டேனோன்னு நெனச்சேன். கல்யாண போட்டோல அவ குனிஞ்சுண்டே இருந்தா. பார்த்து ஒப்பிட வேற படம் கிடையாது.

— நீ மறக்கல சாமி. அது அவ கண்ணே இல்ல.

— என்ன சொல்றேள்?

— மூடிகினு இல்ல கெடந்தா? தொறந்தாப்புல நான்தான் பிரஷ்ஷால எழுதுனேன். எப்டி எழுதுறது? ஒன் மாமனாரக் கேட்டேன், கண்ணு சின்னதா பெருசான்னு. அழுதுகினே கீறாரு. நீ செவுத்தப் பாத்துகினு நிக்கிற. எனக்கு மனப்பாடமா தெரிஞ்சது ஒரே ஒரு கண்ணுதான். புதுப்பட்டினத்துல காசியம்மான்னு ஒருத்தி கீறா. நம்ம ஆளு. வூட்டுல சொல்லிடாத. பொணம் எது வந்தாலும் அவ கண்ணத்தான் எழுதுவேன்.

— எல்லாருக்குமா?

— கெழவனுக்கும் அதான், கொயந்தைக்கும் அதான். செங்கல்பட்டுல பாதி வூட்டுச் செவுத்துல காசியம்மா குந்திகினு முழிக்கிறா. ஒருத்தனுக்கும் தெரியாது. ஆனா சாமி ரூமுல மாட்டி வெளக்கு வச்சது நீ ஒருத்தன்தான். ஒன் மாமனாரு வந்து சொன்னாரு. அத்த நான் போய் அவகிட்ட சொன்னனா, சிரிப்பா சிரிக்கிறா. ஐயங்கார் வூட்டுல தெனம் எனக்கா பூவு போடுறாங்கன்னு. அன்னிக்கு ராத்திரி பூரா கண்ண உருட்டி உருட்டிக் காட்டுனா, தெய்வமாட்டம்.

— ஞாயித்துக்கிழமை ரேஸ் எத்தனை மணிக்கு?

— இன்னா சாமி, பேச்ச மாத்துற? கோவமா?

— இல்லை.

— தமாசுக்கு சொல்லிட்டேன். மனசுல வச்சிக்காத. நீ அன்னிக்கே வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் ஏன் அவ கண்ணப் போடப் போறேன்?

— வாஸ்தவம்.

— அத்த வுடு. மேடையாண்ட நில்லுன்னியே. யோசிச்சா அதுவும் சரியாத்தான் படுது. நெழலு இருக்கும். சோடா கெடைக்கும். இன்னா சொல்ற, அங்கயே நிக்கட்டா?

— வேண்டாம். நீங்க சொன்னதுதான் சரி. பீப்பாவுக்குப் பின்னாலயே நில்லுங்கோ.

— அப்டி வா வழிக்கு!

— கிட்டக்க நின்னாத்தான் நன்னா வரும். நீங்க பதிமூணரை எடுத்துக்கோங்கோ. எனக்கு நாப்பது.

— எடுத்துக்க. ஞாயித்துக்கெழமை ஒருநா, சும்மாவே எடுத்துகினு போ. வெலையெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம். கண்ணாடில வெரலு வைக்காத. கையில புடிச்சிகினு எடுக்காத, ஆடும்.

— ஆடாது.

— அப்பறம் சாமி, ஒரு ஒதவி. எப்டியும் ஒன் படத்துல வண்டி வுழப் போறதில்ல, நான்தான் வுழப் போறேன். என்னையே நல்லா ஒண்ணு புடி. ஊரெல்லாம் படம் எடுக்குறேன், என் படம் ஒண்ணுகூட வூட்டுல இல்ல. பொண்டாட்டி தெனம் நச்சரிக்குறா.

— பிடிக்கறேன். கண்ணை நன்னாத் தொறந்துண்டு நில்லுங்கோ.

— ஹா! இந்தக் கிண்டல்லாம் கூட வருமா ஒனக்கு? சரி, லென்ஸு பத்திரம். திங்கக்கெழம காத்தால திருப்பிக் குடுத்துடணும், இன்னா?

— குடுத்துடறேன். உங்க ஆத்துல யார் கையில குடுக்கணும்?